ஹேஸ்டிங்ஸ் கடற்பாலம்: பணம் வந்த விதமும் நின்ற விதமும்

2017 அக்டோபர் 31 அன்று, பிரிட்டனில் கட்டடக்கலைக்குத் தரப்படும் மிகப் பெரிய பரிசான ஸ்டிர்லிங் பரிசு, தென்கிழக்கு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரிலுள்ள கடற்பாலத்துக்குக் கிடைத்தது. நவம்பர் முடிவதற்குள் அந்தப் பாலத்தின் சொந்தக்காரரான அறக்கட்டளை கையில் காசில்லாமல் நொடிப்பு நிர்வாகிகளிடம் போய்ச் சேர்ந்தது. சீரமைப்புக்கு ஆன செலவு 1 கோடியே 42 லட்சம் பவுண்டு. பாலத்தை மறுபடி திறந்தது 2016 ஏப்ரலில். திறப்பு விழாவுக்கும் நொடிப்புக்கும் நடுவே வெறும் 19 மாதம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில், கரையில் தொடங்கிக் கடலுக்குள் சில நூறு மீட்டர் நீண்டு, எந்த ஊரையும் போய்ச் சேராமல் அப்படியே நின்றுவிடும் இரும்புப் பாலங்கள் உண்டு. அதற்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் 'பியர்' என்று எழுதினால் பாதிப் பேருக்குக் கோப்பைதான் ஞாபகம் வரும். அதனால் கடற்பாலம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பொதுப்பணத்தில் செய்த ஒரு துறைமுக வேலையோ பால வேலையோ வீணாய்ப் போனால் ஊழல், மோசமான கட்டுமானம், மக்களின் அலட்சியம் என்று மூன்றில் ஒன்றைத்தான் வழக்கமாகக் கைகாட்டுவோம். ஹேஸ்டிங்ஸில் சீரமைப்புப் பணத்தை யாரும் விழுங்கவில்லை. வேலை நன்றாக நடந்தது, அதற்குப் பரிசே கிடைத்தது. ஊராரோ தங்கள் சொந்தக் காசைப் போட்டிருந்தார்கள். இருந்தும் கவிழ்ந்தது. வந்த பணம் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, அது எந்த வகைப் பணம் என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடுகிறது.

கட்டியவர்களின் கணக்கு

பாலம் 1872 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் யூஜினியஸ் பர்ச். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் 14 கடற்பாலங்களை வடிவமைத்த பொறியாளர். நீளம் சுமார் 277 மீட்டர். கடல் பக்க முனையில் 2,000 பேர் உட்காரக்கூடிய அரங்கு ஒன்று இருந்தது. உல்லாசப் பயணிகளை ஏற்றிவரும் நீராவிக் கப்பல்கள் அங்கே வந்து அணைந்தன.

அன்றைக்கு இது பச்சையான வியாபாரம். கம்பெனி தொடங்கிப் பங்கு விற்று, அந்தப் பணத்தில் கட்டினார்கள். பாலத்தில் காலடி வைக்கிறவரிடம் நுழைவுக் காசு வாங்கினார்கள். வார்னிஷ் அடிப்பதும், துருப்பிடித்த போல்ட்டை மாற்றுவதும், புயலில் போன பலகையைப் போடுவதும் அந்தக் காசிலிருந்தே நடந்தன. பராமரிப்பு என்பது தனித் தலைப்பாக இருக்கவில்லை, கடை நடத்தும் செலவோடு செலவாகப் போயிற்று.

1917-ல் முனையிலிருந்த அரங்கு எரிந்தது, 1922-ல் புதியது கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் எதிரிகள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பாலத்தின் நடுவே ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். 1946-ல் மறுபடி திறந்தது. 1960-களில் ரோலிங் ஸ்டோன்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், பிங்க் ஃப்ளாய்ட் எல்லாரும் அந்த மேடையில் பாடியிருக்கிறார்கள். அப்புறம் வெளிநாட்டு விமானப் பயணம் மலிவானது. ஆங்கிலேயர் வெயிலைத் தேடி ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கினார்கள். கடற்கரை ஊர்களின் வருமானம் இறங்கியது, பாலங்களின் வருமானமும் கூடவே இறங்கியது. ஆனால் கடல் அரிப்பது மட்டும் குறையவில்லை.

கடல் எப்படிச் செலவு வைக்கிறது

கொஞ்ச நேரம் இந்த இடத்தில் நிற்கலாம். பணக் கணக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பர்ச் காலத்துப் பாலத்தைத் தாங்குபவை வார்ப்பிரும்புத் தூண்கள். தூண்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக இழுவைக் கம்பிகள், மேலே தேனிரும்புச் சட்டங்கள், அதற்கும் மேலே மரப்பலகைத் தளம். முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் இரும்பு மெதுவாகத்தான் கெடும், அங்கே ஆக்ஸிஜன் குறைவு. முழுக்கக் காற்றில் இருப்பதற்கு வர்ணம் அடித்துச் சமாளித்துவிடலாம். மோசமாவது நடுப்பகுதிதான். ஓதம் ஏறி இறங்கும் இடத்திலும், அலை தெறித்து விழும் இடத்திலும் இரும்பு ஒரு நாளில் பலமுறை நனைந்து காய்கிறது. உப்பும் காற்றும் சேர்ந்து அங்கே துருவை விரட்டி வளர்க்கின்றன. தூணின் அடியில் இன்னொரு எதிரி உண்டு. ஹேஸ்டிங்ஸ் கரை மணல் கரையல்ல, கூழாங்கல் கரை. ஒவ்வொரு அலையும் அந்தக் கற்களைத் தூண்மீது உரசிவிட்டுப் போகிறது. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவின் வேலை வேறு.

வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதனால் எச்சரிக்கை தருவதில்லை. இழுவைக் கம்பி ஒன்று தளர்ந்தால் அந்தப் பகுதி அலைக்கு ஆடத் தொடங்கும், ஆட்டத்தில் பக்கத்துக் கம்பி தளரும். ஒரு போல்ட்டை இந்த வருடம் மாற்றாவிட்டால் மூன்று வருடம் கழித்து ஒரு தூணை மாற்ற வேண்டிவரும். வர்ணம் அடிக்கலாம் என்றால் கடல் வற்றும் சில மணி நேரம்தான் அடிப்பகுதியில் வேலை செய்ய முடியும். அதற்குள் சாரம் கட்டி ஏறி, வேலை செய்து இறங்க வேண்டும். பெயிண்டைவிடச் சாரத்துக்கு அதிகம் செலவாகும்.

கட்டுமானங்களுக்கு, மறுபடி கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 1 சதவீதமாவது பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று மேலோட்டமாக ஒரு கணக்குச் சொல்வார்கள். கடலுக்குள் நிற்பதற்கு அது மிகவும் குறைத்துப் போட்ட கணக்கு. அதையே எடுத்துக்கொண்டாலும், ஹேஸ்டிங்ஸுக்குச் சீரமைப்புச் செலவின் அடிப்படையில் ஆண்டுக்கு 1 லட்சத்து 42 ஆயிரம் பவுண்டு வருகிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் இல்லாத பாலம்

இந்த நூற்றாண்டு பிறந்தபோது பாலம் கைமாறிக் கைமாறி, பனாமாவில் பதிவுசெய்த ஒரு கம்பெனியிடம் இருந்தது. 2006-ல் பாதுகாப்பில்லை என்று மூட வேண்டிவந்தது. நகராட்சி வழக்குப் போட்டது, தன் பணத்திலும் சில வேலைகளைச் செய்தது. 2007-ல் ஒரு பகுதி திறந்தது. 2008 புயலில் தூண்கள் சேதமடைந்து மறுபடி மூடிவிட்டார்கள். கட்டாயம் செய்ய வேண்டிய பழுதுவேலையைச் செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம், ஆனால் முகவரி வேறு கண்டத்தில் இருந்தால் நோட்டீஸ் வெறும் காகிதம்தான். தனியாரிடம் விட்டால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த நான்கு வருடங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2010 அக்டோபர் 5 அதிகாலை தீப்பிடித்தது. தளத்துக்கு மேலே இருந்த கட்டடங்களில் சுமார் 95 சதவீதம் சாம்பல். வேடிக்கை என்னவென்றால், பாலத்துக்குப் பணம் கிடைக்கும் வழி அப்போதுதான் உண்மையில் திறந்தது. நான்கு வருடம் பெரும்பாலும் மூடிக் கிடந்தபோது அசையாத கோப்புகள் புகை வந்ததும் அசைந்தன. துருவைப் படம் பிடித்துப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் போட முடியாது, தீயைப் போடலாம்.

ஊரில் ஏற்கெனவே பாலத்தைக் காப்பாற்ற ஒரு அறக்கட்டளை அமைப்பு பேரணி, கையெழுத்து என்று இயங்கிக்கொண்டிருந்தது. நகராட்சி கட்டாயக் கையகப்படுத்தும் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பாலத்தை எடுத்தது. எடுத்து, தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் 2013 ஆகஸ்டில் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் இது சரியான ஏற்பாடாகவே பட்டது. நகராட்சிக்குத் தோளில் சுமை இல்லை, அறக்கட்டளைக்கு ஆசைப்பட்ட சொத்து கிடைத்தது, நிதி கொடுப்பவருக்கு விண்ணப்பம் போட ஒரு நல்ல பெயர் கிடைத்தது. இந்த ஏற்பாட்டில், வருடாந்தரச் செலவைத் தாங்கக்கூடிய ஒரே ஒரு கை, அதாவது வரி வசூலிக்கும் கை, வெளியே போய்விட்டது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கையெழுத்துதான் ஆரம்பம் என்பது என் எண்ணம்.

பணம் எங்கிருந்து வந்தது

1 கோடியே 42 லட்சத்தில் பெரும்பகுதி, ஒரு கோடிக்கும் மேல், பாரம்பரிய லாட்டரி நிதியத்திலிருந்து வந்தது. பிரிட்டனில் தேசிய லாட்டரி 1994-ல் தொடங்கியது. டிக்கெட் விற்றுவரும் பணத்தில் ஒரு பங்கு கலை, விளையாட்டு, பாரம்பரியம் போன்ற பொதுக் காரியங்களுக்குப் போகும். அது கண்டிப்பாகச் சொன்னால் வரிப்பணம் அல்ல, ஆனால் பொது அமைப்பு ஒன்று பொது விதிகளின்படி பங்கிடும் பணம். மீதியில் அரசின் கடற்கரை ஊர்களுக்கான நிதி, மாவட்ட, நகர நிர்வாகங்களின் பங்கு என்று பல சிறு ஓடைகள் சேர்ந்தன.

அதோடு ஊரார் பணம். குறைந்தபட்சம் 100 பவுண்டு என்று பங்கு விற்றார்கள். சுமார் 3,000 பேர் சேர்ந்து 5 லட்சத்து 90 ஆயிரம் பவுண்டு போட்டார்கள். லாபத்துக்கு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஹேஸ்டிங்ஸ் ஒன்றும் பணக்கார ஊர் அல்ல. இங்கிலாந்தின் தென்கிழக்கில் வசதி குறைந்த ஊர்களைப் பட்டியலிட்டால் அதன் பெயர் முன்னாலேயே வரும்.

இப்போது மனதில் வைத்துக்கொண்ட எண்ணை எடுங்கள். 5 லட்சத்து 90 ஆயிரத்தை 1 லட்சத்து 42 ஆயிரத்தால் வகுத்தால் நான்கு வருடமும் சில வாரமும். 3,000 பேர் சேர்ந்து போட்ட மொத்தப் பணமும், அந்தக் குறைந்த கணக்கிலேயே, கடலுக்கு நான்கு வருட வாடகை. அந்தப் பணம் வாடகைக்கு என்று எடுத்துவைக்கப்படவும் இல்லை.

மானியம் தருபவர்களைக் குறை சொல்வதும் அவ்வளவு எளிதல்ல. பெரிய மானியம் கேட்கிறவர் பராமரிப்புத் திட்டம் ஒன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது லாட்டரி நிதியத்தின் வழக்கம். எந்த வருடம் எதற்கு வர்ணம், எப்போது சோதனை என்று அட்டவணை போட வேண்டும். திட்டம் இருந்தால் பணமும் இருக்கும் என்று அந்தப் படிவம் எடுத்துக்கொள்கிறது. பணத்தின் மூலம் என்ற கட்டத்தில் நிகழ்ச்சிகள், வாடகை, கடை வருமானம் என்று எழுதுவார்கள். மழை பெய்தால் என்று ஒரு கட்டம் இருக்காது.

கீழே போன பணம், மேலே வந்த பரிசு

சீரமைப்பின் பெரும் செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போனது. கெட்டுப்போன சட்டங்களை மாற்றுவது, தூண்களை வலுப்படுத்துவது, கம்பிகளை இழுத்துக் கட்டுவது என எல்லாம் தளத்துக்கு அடியில்தான். திறந்து பார்த்தபோது நினைத்ததைவிட மோசமாக இருந்தது, 2013-14 குளிர்காலப் புயல்கள் வேறு வந்து வேலையைத் தள்ளிப்போட்டன. பழுதுபார்க்கும் வேலைகளின் குணமே இது. புதிதாகக் கட்டுவதை முன்கூட்டியே அளந்துவிடலாம். பழையதைத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும்.

அடியில் இவ்வளவு போன பிறகு மேலே என்ன கட்டுவது? டிஆர்எம்எம் என்ற லண்டன் கட்டடக்கலைக் குழு எடுத்த முடிவு துணிச்சலானது. முனையில் பழையபடி அரங்கு எழுப்பாமல் தளத்தைத் திறந்தவெளியாக விட்டார்கள். நடுவே சிறிய பார்வையாளர் கூடம் ஒன்று, அதற்குத் தீயில் தப்பிய பழைய மரப்பலகைகளைப் போர்த்தினார்கள். கச்சேரி, சந்தை, சர்க்கஸ், எது வேண்டுமானாலும் வந்து தங்கிப் போகலாம். படங்களில் பார்த்தால் அழகு புரிகிறது. பரந்த பலகைத் தளம், அதன் விளிம்பில் கடல், மேலே வானம். நடுவர்கள் மயங்கியதில் ஆச்சரியம் இல்லை. கடற்பாலங்களுக்கான தேசியச் சங்கமும் 2017-ன் சிறந்த பாலம் என்று இதையே தேர்ந்தெடுத்தது.

ஆனால் ஒரு கடைக்காரர் கண்ணால் அதே தளத்தைப் பாருங்கள். நுழைவு இலவசம். வாடகை தரக்கூடிய கட்டடம் மிகக் குறைவு. மழையிலும் காற்றிலும் ஒதுங்க இடமில்லை. ஆங்கிலக் கால்வாய்க் கரையில் வருடத்துக்கு எத்தனை நாள் திறந்தவெளியில் கச்சேரி நடத்த முடியும்? மற்ற ஊர்களின் பாலங்களில், பரிசு வாங்காத பாலங்களில், நாணயம் போட்டு விளையாடும் எந்திரங்கள் வரிசையாகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். ரசனை உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தச் சத்தம்தான் தூணுக்குப் பெயிண்ட் வாங்கித் தருகிறது.

இதற்காக வடிவமைத்தவர்களைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. மேலே பெரிய கட்டடம் எழுப்ப மானியத்தில் பணம் மிச்சமில்லை. பொது இடம் இலவசமாக, திறந்ததாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் நல்ல எண்ணம்தான். அப்படி ஓர் இடத்தைக் கட்டிவிட்டு, அதுவே சம்பாதித்துத் தன் வயிற்றைக் கழுவ வேண்டும் என்று எதிர்பார்த்ததில்தான் கோளாறு. பூங்காவிடம் யாரும் லாபம் கேட்பதில்லை. இங்கே கட்டும்போது பூங்கா, கணக்குப் பார்க்கும்போது கடை.

2017 இறுதியில் அறக்கட்டளை மேற்கொண்டு பணம் கேட்டது. மானியம் தந்தவர்கள் யாரும் நடைமுறைச் செலவுக்குத் தொடர்ந்து தர முன்வரவில்லை. அவர்கள் விதிகளின்படி அது சரிதான், கட்டுவதற்கென்றே ஏற்பட்ட நிதி அது. நிர்வாகிகள் வந்தார்கள், பாலத்தை விற்பனைக்கு வைத்தார்கள். ஊரார் அமைப்பு ஒன்று அவசரமாக இணையத்தில் நிதி திரட்டிப் போட்டியிட்டது. 2018 ஜூனில் பாலம் ஒரு ஓட்டல் முதலாளியின் கைக்குப் போனது. பக்கத்தில் ஈஸ்ட்போர்ன் ஊரின் கடற்பாலமும் அப்போது அவருடையதாகவே இருந்தது. வெளியான செய்திகளின்படி விலை ஒரு லட்சம் பவுண்டைக்கூட எட்டவில்லை. 3,000 பேரின் பங்கும் பூஜ்யமானது. விற்பனைக்குப் பின் வந்த முதல் குளிர்காலத்தில் பாலம் மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தது.

அந்த விலையைக் கேட்டு ஊரில் பலர் கொதித்தார்கள், நியாயம்தான். ஆனால் அந்த எண்ணை வேறு விதமாகவும் படிக்கலாம். 1 கோடியே 42 லட்சம் போட்டுப் புதுப்பித்த பொருளைச் சந்தை அந்த விலைக்குத்தான் மதித்தது என்றால், அதோடு ஒட்டிவரும் வருடாந்தரக் கடமையைச் சந்தை துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டது என்று அர்த்தம். விண்ணப்பப் படிவத்தில் யாரும் எழுதாத எண்ணை விற்பனை எழுதிவிட்டது.

வேறு நான்கு கரைகள்

ஹேஸ்டிங்ஸிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் பிரைட்டன். அங்கேயும் பர்ச் கட்டிய மேற்குக் கடற்பாலம், 1866-ல் திறந்தது. 1975-ல் மூடியது. 1983-ல் ஒரு அறக்கட்டளை அதை வெறும் 100 பவுண்டுக்கு வாங்கியது. 1998-ல் இதே லாட்டரி நிதியம் சுமார் 1.4 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தது. உடனே ஊரிலிருந்த மற்றொரு கடற்பாலத்தின் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். நாங்கள் சொந்தக் காசில் தொழில் நடத்துகிறோம், பக்கத்தில் போட்டியாளருக்குப் பொதுப்பணமா என்பது அவர்கள் வாதம். அது அப்படியே ஒதுக்கித்தள்ளும் வாதமும் அல்ல. வாதம் நடந்துகொண்டிருக்கக் கடல் காத்திருக்கவில்லை. 2002 டிசம்பரில் ஒரு பகுதி சரிந்தது, 2003-ல் இரண்டு முறை எரிந்தது, 2004-ல் நிதியம் கையை விரித்துவிட்டது. இன்று கடலுக்குள் ஒரு இரும்புக்கூடு நிற்கிறது, அதைப் படம் பிடிக்கக் கூட்டம் வருகிறது.

பிரிஸ்டல் அருகே கிளீவ்டன். 1869-ல் கட்டிய, பழைய ரயில் தண்டவாளங்களைச் சட்டங்களாக வளைத்துச் செய்த மெல்லிய பாலம். 1970-ல் காப்பீட்டுக்காக எடைச் சோதனை செய்தபோது இரண்டு கண்கள் இடிந்து விழுந்தன. இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்து, 1980-ல் பொது விசாரணை நடந்து, பாலம் பிழைத்தது. பிறகு பொது நிதியும் ஊரார் நிதியும் சேர்ந்து, பாகம் பாகமாகக் கழற்றிச் சரிசெய்து, 1989-ல் திறந்து, முனைப் பகுதியை 1998-ல்தான் முடித்தார்கள். 28 வருடம். இந்த நிதானமே அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று தோன்றுகிறது. பாலம் சின்னது, நுழைவுக்குக் காசு வாங்குகிறார்கள், பெயர் பொறித்த பித்தளைத் தகடுகளை விற்கிறார்கள், பழைய உல்லாசக் கப்பல்கள் வந்து அணைகின்றன. ஆசையும் வரவும் ஒரே அளவில் இருக்கின்றன.

சவுத்எண்ட் பாலம் 2 கிலோமீட்டருக்கும் நீளம். உல்லாசத்துக்கான கடற்பாலங்களில் உலகிலேயே நீளமானது. தீ பலமுறை பிடித்தது, 1986-ல் ஒரு கப்பல் மோதிக் குறுக்கே அறுத்துக்கொண்டே போனது. ஆனாலும் நிற்கிறது, ஏனென்றால் சொந்தக்காரர் நகர நிர்வாகம். வருடா வருடம் வரவுசெலவுக் கூட்டத்தில் பாலத்துக்கென்று ஓர் ஒதுக்கீடு இருக்கும். உறுப்பினர்கள் முணுமுணுத்துக்கொண்டே கைதூக்குவார்கள். முணுமுணுப்போடு வந்தாலும் வருடா வருடம் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டன். 1865-ல் மரம் ஏற்றுமதி செய்யக் கட்டத் தொடங்கி, 1,841 மீட்டர் வரை நீண்ட மரத்துறை. கப்பல்கள் வருவது நின்று 1970-களின் தொடக்கத்தில் மூடினார்கள். 1978-ல் ஆல்பி புயல் பெரும் பகுதியை அடித்துக்கொண்டு போனது. கடைசியில் 2 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் சீரமைத்து 2011-ல் திறந்தார்கள். அதில் 2 கோடியே 40 லட்சம் மாநில அரசு கொடுத்தது. இதுவரை ஹேஸ்டிங்ஸ் கதையேதான். வித்தியாசம் அடுத்த வரியில் வருகிறது. துறை உள்ளாட்சியின் பொறுப்பிலேயே இருக்கிறது. மேலே ஓடும் குட்டி ரயிலையும் முனையிலிருக்கும் கடலடிக் காட்சிக்கூடத்தையும் ஒரு சமூக அமைப்பு நடத்துகிறது. அந்த அமைப்பு தன் வருமானத்தில் ஒரு பங்கைத் துறையின் பராமரிப்புக்கென்றே இருக்கும் தனிக் கணக்கில் செலுத்துகிறது. லாபம் வந்தால் தருகிறேன் என்ற பேச்சே இல்லை, டிக்கெட் விற்றவுடன் மரத்தூணின் பங்கு தனியாகப் போய்விடுகிறது.

கணக்கில் எடுத்துவைத்தால் போதுமா?

தனிக் கணக்கு தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடித்துவிட ஆசைதான். அமெரிக்கா அதற்குக் குறுக்கே நிற்கிறது.

1986-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. துறைமுகங்களில் ஏற்றி இறக்கும் சரக்கின் மதிப்பில் ஒரு துளியைக் கட்டணமாக எடுத்து, அதைக் கப்பல் வழிகளைத் தூர்வாருவதற்கும் அலைத்தடுப்புகளைப் பழுதுபார்ப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்வது. முதலில் 0.04 சதவீதம், பிறகு 0.125 சதவீதம். 1998-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுமதிச் சரக்குக்கு இது செல்லாது என்றது, மற்றவற்றுக்கு வசூல் தொடர்ந்தது. கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! பயன்படுத்துகிறவர் கட்டுகிறார், கட்டியது பராமரிப்புக்கே போகிறது.

நடந்தது வேறு. வசூலான பணத்தை எடுத்துச் செலவு செய்ய ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றம் ஒதுக்கீடு செய்ய வேண்டும். அந்த ஒதுக்கீடு அரசின் மொத்தச் செலவு வரம்புக்குள் கணக்காகும். செலவழிக்காமல் விட்டால் காகிதத்தில் பற்றாக்குறை குறைவாகத் தெரியும். விளைவு, கணக்கில் 900 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்துகொண்டிருந்தபோது கப்பல் வழிகள் மேடிட்டுக்கொண்டிருந்தன. மேடிட்ட வழியில் கப்பல் முழுச்சுமையோடு வர முடியாது, பாதி ஏற்றிக்கொண்டு வரும். 2020-ல் விதிகளை மாற்றிய பிறகுதான் அந்தப் பணம் தாராளமாக அசையத் தொடங்கியது. உண்டியல் வைப்பதோடு வேலை முடியவில்லை, சாவி யார் கையில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஹேஸ்டிங்ஸுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். ஒரு கோடி பவுண்டு மானியத்தில் பத்திலொரு பங்கை வைப்புநிதியாக ஒதுக்கியிருந்தால் தப்பித்திருக்குமா? வட்டி விகிதம் தரைமட்டத்தில் கிடந்த வருடங்கள் அவை. பத்து லட்சம் பவுண்டுக்கு வரும் வட்டி சாரம் கட்டக்கூடக் காணாது. தள்ளிப்போட்டிருக்கும், அவ்வளவுதான். நியாயமான வழி ஒன்று இருந்தது. பாலம் திறந்தால் கூட்டம் வரும். வருகிற கூட்டம் இலவசமாகப் பாலத்தில் நடந்துவிட்டுக் கரையிலுள்ள ஓட்டலில் தங்கும், கடையில் சாப்பிடும், வண்டி நிறுத்தக் காசு கொடுக்கும். பாலத்தால் வந்த வருமானம் எல்லாம் பாலத்துக்கு வெளியே விழுந்தது. அதில் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுவரக்கூடியவர் நகராட்சி மட்டுமே. நகராட்சியோ 2013-லேயே சாவியைக் கொடுத்துவிட்டது. பிரிட்டனின் உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசின் ஒதுக்கீடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சொல்ல வேண்டும். தாங்க முடியாத சுமை என்று அவர்கள் பயந்ததில் தவறில்லை. ஆனால் நகராட்சியால் தாங்க முடியாததைச் சம்பளத்துக்கு ஆள் வைக்கவே திணறிய ஒரு சின்ன அறக்கட்டளை தாங்கும் என்று எப்படி நம்பினார்கள்?

முடிக்காத துறைமுகம்

ஹேஸ்டிங்ஸில் பொதுப்பணத்தின் இன்னொரு நினைவுச் சின்னம் உண்டு. பாலத்திலிருந்து கிழக்கே நடந்தால் பழைய ஊரின் கரையில் ஒரு கற்காரைச் சுவர் கடலுக்குள் நீண்டு, நடுவிலேயே அறுந்து நிற்கும். 1896-ல் முறையான துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கட்டுமானச் சிக்கல் வந்தது, செலவு ஏறியது, பணம் தீர்ந்தது, வேலை நின்றது. துறைமுகம் வரவேயில்லை. அந்த ஊர் மீனவர்கள் இன்றைக்கும் படகைக் கூழாங்கல் கரையிலிருந்தே கடலுக்குத் தள்ளுகிறார்கள். கரையிலிருந்து தள்ளும் மீன்பிடிப் படகுக் கூட்டங்களில் ஐரோப்பாவிலேயே பெரியது என்று அதைச் சொல்வார்கள்.

அந்த அரைகுறைச் சுவர் ஒன்றுக்கும் ஆகாமல் போகவில்லை. கரையோரமாக நகரும் கூழாங்கற்களைத் தடுத்து நிறுத்துகிறது, படகுகள் நிற்கும் கரைக்கு அலையின் வேகத்தைக் குறைக்கிறது. ஆக, துறைமுகமாகத் தோற்றது கரைத் தடுப்பாக வேலை செய்கிறது. இங்கிலாந்தில் கரைத் தடுப்பு என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் பணத்தின் பாதையே வேறு. சுற்றுச்சூழல் முகமை வழியாக அரசு மானியம் உண்டு, எத்தனை வீடு காப்பாற்றப்படும், எவ்வளவு சேதம் தவிர்க்கப்படும் என்று கணக்குப் போட்டு அதை ஒதுக்குவார்கள். அந்தச் சுவரிடம் போய், இந்தக் கோடையில் எத்தனை டிக்கெட் விற்றாய் என்று யாரும் கேட்பதில்லை.